ஒன்பதாம் மண்டலம்

ஜனவரி 10, 2022, திங்கள், ஹாலிஸ்டர்

எல்லை வரைந்து தரும் ஆலோசகர் இன்று ஜூமில் வந்தார். எங்கள் பள்ளி மாவட்டத்தின் கல்விக் குழுவில் ஐந்து பேர், ஆளுக்கொரு பகுதி. 2020 கணக்கெடுப்பின்படி பகுதிகளைத் திருத்தி, பிப்ரவரி முடிவதற்குள் ஏற்றுவிட வேண்டும் என்பது சட்டம். சான் பெனிட்டோ கவுண்டியில் 2010இல் 55,269 பேர், 2020இல் 64,209. சான் ஹோசேயில் வீட்டு விலையைக் கேட்டு மிரண்டவர்கள் தெற்கே வந்து சேர்ந்த கணக்கு இது. எங்கள் வீடும் அதில் உண்டு. என் கணவர் தினமும் விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு 25ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் போய் நிற்கிறார்.

திரையில் ஆலோசகர் ஒரு கோட்டைப் பிடித்து ஆற்றங்கரையிலிருந்து ரயில் பாதைக்கு இழுத்தார். மூலையில் சிவப்பாக இருந்த சதவீதம் பச்சையானது. பெரிய பகுதிக்கும் சின்னப் பகுதிக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதுமாம். அப்போது ஏப்ரிகாட் தோப்பு வைத்திருக்கும் உறுப்பினர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "அந்தக் கட்டத்தில் ஆள் இருப்பதாகப் போட்டிருக்கிறதே, அது என் தோப்பு. அங்கே மரங்கள்தான் குடியிருக்கின்றன" என்றார். தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கணக்கெடுப்புத் துறையே சின்னக் கட்டங்களின் எண்களைக் கொஞ்சம் கலைத்துவிட்டுத்தான் வெளியிடுகிறது என்று ஆலோசகர் விளக்கினார். தோப்புக்காரர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். சீர்காழிப் பக்கத்து அத்தையிடம் பேசினேன். "இப்ப எந்த ஜில்லா அத்தை?" என்று வம்புக்குக் கேட்டேன். பிறந்தது தஞ்சாவூர், 1991இல் நாகப்பட்டினம், 2020இல் மயிலாடுதுறை. "வீடு இருந்த இடத்துலதான்டி இருக்கு. பட்டா மாத்த எந்த ஆபீசுக்குப் பஸ் ஏறணும்கிறதுதான் மாறிக்கிட்டே போகுது" என்றார். மயிலாடுதுறை வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். பஸ்ஸில் உட்காரும் நேரம் குறைந்துவிட்டது.

ஜனவரி 22, சனி

கலிஃபோர்னியா பள்ளிக் குழுக்கள் சங்கத்தின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாநிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாவட்டங்கள், 58 கவுண்டிகள். சங்கம் இவற்றை 21 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது; ஆனால் எண்கள் 24 வரை ஓடுகின்றன. 13, 14, 19 கிடையாது. பழைய வீட்டில் அடைத்த கதவுகள் மாதிரி.

பெரும்பாலும் கவுண்டி எல்லைதான் மண்டல எல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியை மட்டும் துண்டு துண்டாக்கியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் யூனிஃபைடு ஒன்றே ஒரு மண்டலம், எண் 21. பதினாறாவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இன்யோ, மோனோ, சான் பெர்னார்டினோ மூன்றும் ஒன்று. மோனோவில் மொத்தமே 13,195 பேர். சான் பெர்னார்டினோவில் 21 லட்சத்துக்கு மேல். சியரா மலையின் கிழக்குச் சரிவில், பனி மூடினால் பள்ளி வண்டியே கிளம்பாத ஊரின் குழு உறுப்பினர், மண்டலக் கூட்டம் என்றால் நான்கு மணி நேரம் 395ஆம் சாலையில் இறங்கி வந்து, பல்லாயிரம் பிள்ளைகள் படிக்கும் புறநகர் மாவட்டத்துக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஜூம் வந்தபிறகு இந்தக் கொடுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எங்களுடையது ஒன்பது: மான்டரே, சாண்டா குரூஸ், சான் பெனிட்டோ, சான் லூயிஸ் ஒபிஸ்போ. கடைசி ஊருக்கு இங்கிருந்து சுமார் 140 மைல். பக்கத்து ஊர் கில்ராய் 15 மைல்கூட இருக்காது. ஆனால் அது சாண்டா கிளாரா கவுண்டி, ஆகவே மண்டலம் 20. பாலோ ஆல்டோவும் கில்ராயும் ஒரே மண்டலம், கில்ராயும் ஹாலிஸ்டரும் வேறு வேறு! பாலோ ஆல்டோவுக்குச் சொத்து வரியே மாநிலம் தரும் நிதியைத் தாண்டி வருகிறது. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையுமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. பூண்டு வயலுக்கு நடுவில் இருக்கும் கில்ராய்க்கு உண்டு. எங்களுக்கும் உண்டு.

சமுதாயக் கல்லூரி விஷயத்தில் இந்தக் கோடு இல்லை. கவிலான் கல்லூரியின் மாவட்டம் இரண்டு கவுண்டியையும் சேர்த்தே போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தெரிகிற ஊர் சங்கத்துக்குத் தெரியவில்லை.

ஜனவரி 29, சனி

புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பற்றிக் கில்ராய்ப் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். ஹாலிஸ்டரில் சவுத்சைடு ரோட்டில் அரசுக் குடியிருப்பு ஒன்று உண்டு, கில்ராயிலும் உண்டு. அறுவடைப் பருவத்தில் திறப்பார்கள், குளிர்காலத்தில் பூட்டுவார்கள். பூட்டியபிறகு 50 மைலுக்கு அப்பால் போய் இருந்தால்தான் அடுத்த ஆண்டு இடம் என்று பல காலம் ஒரு விதி இருந்தது. அப்பா அம்மா பெட்டி கட்டினால் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை நடுவில் விட்டுவிட்டுக் கிளம்பும். 2018இல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

"நவம்பரில் கணக்குப் பாடத்தில் பாதியில் போன பிள்ளை, ஏப்ரலில் உங்களிடம் வரும்போது எங்கே விட்டது என்று உங்களுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சங்கம் போட்டிருக்கும் மேசைகள் இரண்டு.

பிப்ரவரி 3, வியாழன்

சங்கத்தின் பிரதிநிதிகள் சபைக்கான வாக்குச்சீட்டு வந்துவிட்டது. தனித்தனியாகப் போடுவதல்ல, குழு கூடித் தீர்மானித்து ஒரே சீட்டாக மார்ச் 15க்குள் அனுப்ப வேண்டும். இந்தச் சபைதான் சங்கத்தின் கொள்கையைத் தீர்மானிக்கிறது, மண்டல இயக்குநரையும் தேர்ந்தெடுக்கிறது. ஒரு மண்டலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது மாணவர் வருகைக் கணக்கைப் பொறுத்தது.

மாலை பள்ளி வாகன நிறுத்தத்தில் தோப்புக்காரரிடம் நம் கவுண்டியை மண்டலம் 20க்கு மாற்றக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்வமாகக் கேட்டார். குழுவில் இன்னொருவரான ஓய்வுபெற்ற ஆசிரியை எங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஐவரில் மூவர் கூடிக் குழு விவகாரம் பேசினால் பிரவுன் சட்டப்படி அது கூட்டம். 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருக்க வேண்டும். மழையோ வருவதாக இல்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

கூட்டம். வாக்குச்சீட்டு நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தியது. அதை ஒட்டி, "நம் கவுண்டியை மண்டலம் 20இல் சேர்க்கக் கேட்டுச் சங்கத்துக்கு எழுதலாம்" என்றேன். தூரம், கவிலான், குடியிருப்புப் பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன்.

ஆசிரியை பேப்பரும் பென்சிலுமாக இருந்தார். "சாண்டா கிளாராவில் 31 பள்ளி மாவட்டங்கள். மக்கள் தொகை 19 லட்சத்துக்கு மேல். நாம் 64 ஆயிரம். அங்கே போய் நின்றால் நமக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? இங்கே நம்மைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெரி, சாலினாஸில் கீரை, நம்மிடம் பழத்தோட்டம். மண்டலம் ஒன்பதில் யாருக்கும் வயல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. தோப்புக்காரரும் கட்சி மாறிவிட்டார். சூப்பரின்டெண்டண்ட் தாள்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். இவர் எப்போதும் அப்படித்தான்.

எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று. சீட்டில் பெயர்களைத் தேர்ந்து முடிக்க ஐந்து நிமிடம்.

பிப்ரவரி 9, புதன்

தூக்கம் வரவில்லை. ஆசிரியை சொன்னது ஓட்டுக்குச் சரி. ஆனால் ஒரு கோட்டுக்கு இரண்டு வேலை கொடுத்திருப்பதுதான் கோளாறு. யார் நமக்காகப் பேசுவது என்பதற்கும் நாம் யாரோடு பேசுவது என்பதற்கும் ஒரே வேலி எதற்கு? எங்கள் ஐந்து பகுதிகளில் தலை எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், நியாயம். அது வாக்காளரின் உரிமை. சங்கம் தன் விருப்பத்தில் சேர்ந்தவர்களின் கூட்டு. அங்கேயும் தலையை எண்ணிச் சமன் செய்ய ஆரம்பித்தால் மோனோவின் குரல் கேட்கவே கேட்காது. எண்ணாமல் தூரத்தை மட்டும் பார்த்தால் நாங்கள் சாண்டா கிளாராவில் கரைந்துபோவோம். கோடு இருக்கட்டும், கூட்டத்தைக் கோட்டைத் தாண்டி வைப்பதை யாரும் தடுக்கவில்லையே.

பிப்ரவரி 16, புதன்

சான் பிரான்சிஸ்கோவில் நேற்று மூன்று கல்விக் குழு உறுப்பினர்களை வாக்காளர்கள் திருப்பி அழைத்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் பெரிய வித்தியாசத்தில் தோல்வி. கணவர் செய்தியைப் படித்துவிட்டு, "உனக்கு இந்த வேலை தேவையா?" என்றார். கேள்வி புதிதில்லை.

பிப்ரவரி 19, சனி

ஊருக்குள் நடந்தேன். கலவேராஸ் நிலப்பிளவு ஹாலிஸ்டர் தெருக்களுக்கு அடியில் மெல்ல நகர்கிறது. நடைபாதை ஓரக்கல் ஒன்று ஒரு வீட்டு வாசலில் விலகி நிற்பதைக் காலால் தொட்டுப் பார்க்கலாம். கமிட்டியும் தீர்மானமும் இல்லாமல் நகர்கிற ஒரே கோடு எங்கள் ஊரில் அதுதான்.

பிப்ரவரி 22, செவ்வாய்

பகுதி வரைபடம் நிறைவேறியது, ஐந்துக்கு ஐந்து. பொதுமக்கள் தரப்பில் இரண்டு பேர் தலா மூன்று நிமிடம் பேசினார்கள். ஒருவர் வரைபடத்தைப் பற்றி, இன்னொருவர் முகக்கவசத்தைப் பற்றி. தோப்பு இப்போது என் பகுதியில் இருக்கிறது, ஆள் இல்லாத ஆட்களோடு.

பிப்ரவரி 25, வெள்ளி

வாக்குச்சீட்டில் சூப்பரின்டெண்டண்ட் கையெழுத்திட்டுத் தபாலுக்குப் போயிற்று. கில்ராய்க்காரரிடம் பேசினேன். குடியிருப்புகள் திறப்பதற்கு முன்பே, மார்ச்சில், இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு உறுப்பினர்களும் இரண்டு பக்கத்துப் புலம்பெயர் கல்வி ஊழியர்களும் சந்திப்பது என்று முடிவு. இடம் கவிலான் நூலகத்தில் கேட்டிருக்கிறார். எங்கள் தரப்பில் இன்னொருவராக யாரை அழைப்பது என்று யோசித்து, ஆசிரியைக்கே போன் போட்டேன்.

"நான் வருகிறேன். ஆனால் மண்டலத்தைப் பற்றிப் பேசக் கூடாது" என்றார்.