குகைக்கு வெளியே ஒருவர்



சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு காரில் ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்திலுள்ள பெலும் குகைகளுக்குச் சென்றிருந்தோம். சமவெளியின் நடுவே ஒரு பள்ளம், அதில் இறங்கும் படிகள். வெளியே தெரிவது அவ்வளவே. உள்ளேயோ, சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் நெடுங்காலம் கரைத்துக் குடைந்த வழி 3,229 மீட்டர் நீள்கிறது. 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இதனைப் பதிவு செய்தார். இன்று சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை மக்கள் சென்று பார்க்கலாம்.

முழங்கால் வலியுள்ள என் தாயாரால் படியிறங்க இயலாது. "அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் அம்மா" என்று சொல்லி, நிழலில் அமர்த்திவிட்டு இறங்கினோம்.

உள்ளே வெக்கை, குழாய்கள் வழியே காற்றுச் செலுத்துகிறார்கள். சில இடங்களில் குனிந்தே செல்ல வேண்டும். மிக ஆழமான பாதாளகங்கையில், 46 மீட்டர் கீழே, நீர் ஓடும் ஓசையைக் கேட்டு நின்றபோது இளைய மகள் கேட்டாள்: "அத்தா, இப்ப பாறை வந்து வாசலை அடைச்சிட்டா, நீங்க எந்த அமலைச் சொல்லி துஆ கேட்பீங்க?"

குகையில் அகப்பட்ட மூவரைப் பற்றி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் ஹதீஸை அவளுக்குக் கற்பித்தவனே நான்தான். அவர்களுள் ஒருவர், உறங்கிவிட்ட பெற்றோரை எழுப்ப மனமின்றி, அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்கும் புகட்டாமல், பால் கிண்ணத்தை ஏந்தியபடி விடியும்வரை நின்றார். அச்செயலைச் சொல்லி இறைஞ்சியபோது பாறை சற்றே விலகியது.

எத்தனை ஆண்டுகளாக இதனைப் பாடம் நடத்தியிருக்கிறேன்! மகளுக்கு விடை சொல்ல நாவு எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்; ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது.

விரைந்து மேலே வந்தோம். அம்மா அதே இடத்தில் இருந்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பாத்திரம், மூடி திறக்கப்படாமல். "ஏம்மா சாப்பிடல?" என்றேன்.

"புள்ளைங்க பசியோட வருமே, சேர்ந்து சாப்பிடலாம்னு இருந்தேன்" என்றார்கள்.

பெற்றோருக்காகப் பிள்ளை பாத்திரம் ஏந்தி நின்றது ஹதீஸில். இங்கோ பிள்ளைக்காகத் தாய் காத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கென்னப்பா" என்று முதல் கவளத்தைப் பேத்திக்கு ஊட்டினார்கள்.

அடுத்த பயணத்தில் அம்மாவால் நடக்க முடிகிற இடத்துக்கே செல்வது என்று அன்றே முடிவு செய்தோம். மகளின் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அதைத் தேடிக்கொள்ள அம்மா உயிரோடிருக்கும் காலத்தை அல்லாஹ் தந்திருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரைப் பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக. ஆமீன்.