தெரியாமையும் கேளாமையும்

சட்டம் என் தொழிலல்ல. ஆங்கிலத் தீர்ப்புகளை நான் படிப்பது, பிறர் மனத்தைப் பற்றி எழுத நேர்ந்தவர்கள் எங்கெங்கே திணறுகிறார்கள் என்று பார்க்கத்தான். செயல் மட்டும் ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடாது, மனமும் அதற்கு உடந்தையாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பழைய நியதி. அந்த மனநிலைக்கு மென்ஸ் ரியா என்று லத்தீனில் பெயர். ஆனால் மனத்தை யார் பார்த்தது? கதாசிரியனுக்குள்ள சலுகை நீதிபதிக்கு இல்லை. 'அவன் நினைத்தான்' என்று அவர் தன்னிச்சையாக எழுதிவிட முடியாது.

ஆகவே ஒரு குறுக்குவழி கண்டார்கள். 1981இல், கால்ட்வெல் என்ற தீவைப்பு வழக்கில், பிரபுக்கள் சபை நீதிபதிகளில் பெரும்பான்மையோர் 'ரெக்லெஸ்' என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்தார்கள். கண்கூடான அபாயத்தைப் பற்றி யோசிக்காமலே இருந்தவனும், தெரிந்தே துணிந்தவனும் ஒன்று. கண்கூடு என்றால் யார் கண்ணுக்கு? சாதாரண விவேகமுள்ள மனிதனின் கண்ணுக்கு. இந்த மனிதரை எவரும் சந்தித்ததில்லை. விமர்சனத்தில் நடமாடும் 'சராசரி வாசகன்' இவருடைய ஒன்றுவிட்ட தம்பி.

1983இல் இவரோடு ஒப்பிடப்பட்டவள் 14 வயதுச் சிறுமி. புத்தி மந்தம். இரவெல்லாம் தூங்காமல் வெளியில் அலைந்துவிட்டு, விடிகாலையில் ஒரு கொட்டகைக்குள் நுழைந்து, அங்கிருந்த ஸ்பிரிட்டைக் கம்பளத்தில் ஊற்றித் தீக்குச்சியை எறிந்தாள். கொட்டகை எரிந்துபோயிற்று. யோசித்திருந்தாலும் அவளுக்கு அபாயம் புலப்பட்டிராது என்று கீழ் நீதிமன்றம் விடுவித்தது. மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விவேக மனிதருக்குப் புலப்பட்டிருக்குமே! இப்படி முடிவு செய்வதில் தமக்குள்ள சங்கடத்தை நீதிபதி ராபர்ட் காஃப் மறைக்கவில்லை. ஆனாலும் முன்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்.

2000 ஆகஸ்டில் நியூபோர்ட் பாக்னெல் என்ற ஊரில், 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு கடையின் பின்கட்டில் செய்தித்தாள்களைக் கொளுத்தி, பிளாஸ்டிக் குப்பைத்தொட்டிக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்கள். சிமெண்டுத் தரையில் தானே அணைந்துவிடும் என்று நினைத்தார்கள். தீ தொட்டியைப் பற்றிக் கூரைக்கு ஏறியது. சேதம் சுமார் 10 லட்சம் பவுன். 2003 அக்டோபரில் பிரபுக்கள் சபை இவர்களுடைய தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்து, கால்ட்வெல் கோட்பாட்டையும் கைவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது இந்தச் சிறுவனின் மனம், விவேக மனிதருடையது அல்ல.

இத்தோடு நிறுத்தினால் நமக்குத் திருப்தியாக இருக்கும். அகத்துக்குக் கிடைத்த வெற்றி. அகம்தானே நமது நவீன எழுத்தின் பெருமை. ஆனால் அதே 2003 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எதிர்த்திசையில் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு முன், 1975இன் மார்கன் தீர்ப்புப்படி, அவள் சம்மதித்தாள் என்று ஓர் ஆண் மெய்யாகவே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு அசட்டுத்தனமானதாயினும், அது வன்புணர்ச்சிக் குற்றமாகாது. புதிய சட்டத்தில் நம்பினால் மட்டும் போதாது, நம்பிக்கைக்கு நியாயம் இருக்க வேண்டும். அதை உறுதி செய்துகொள்ள அவன் என்ன செய்தான் என்பதையும் பார்க்க வேண்டும்.

இவை முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை. சிறுவனுக்குத் தெரிந்துகொள்ளச் சக்தி இல்லை. ஆணுக்கு அது இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த அறையில் இன்னொரு மனம் இருந்தது, அதற்குப் பதில் சொல்லவும் தெரியும்.

நனவோடை நாவல்களில் ஆணின் மனத்தைப் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து போகிறோம். எதிரே இருப்பவள் அதில் ஒரு பிம்பமாக மிதக்கிறாள். அகத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டால் எழுத்தின் பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. மார்கன் தீர்ப்பும் அந்த எண்ணத்தில்தான் நின்றது. நாம் எழுதும் மனம் எதிரே இருப்பவளிடம் எப்போதாவது எதையாவது கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.