வடலியை என்ன செய்யலாம்?

பிள்ளைகளே, ஃபஹாஹீல் கடற்கரைப் பக்கம் போகும்போது சாலையோரப் பேரீச்ச மரங்களைப் பார்த்திருப்பீங்க. வளர்ந்த பேரீச்சையைக்கூட வேர்மண்ணோடு தோண்டி, லாரியில் படுக்க வைத்து, வேறு இடத்தில் நட முடியும். அதற்கு ஆணிவேர் கிடையாது. நார் போல நிறைய வேர்கள்தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கிட்டா பிழைச்சுக்கும்.

இதைத் தெரிஞ்ச என் மகள், "ஊர்ல இருக்கிற வடலியையும் இப்படித் தூக்கி நடலாமேப்பா?" என்று கேட்டாள். வடலி என்றால் இளம் பனை.

ராமநாதபுரம் மாவட்டத்தில், பரமக்குடிப் பக்கம், எங்க குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. பல வருஷமா உழவில்லை. யாரும் நடாமலே சீமைக்கருவேலமும் வேம்பும் பனையும் முளைச்சு நிக்குது. போன கோடை விடுமுறையில் எதை வைக்கிறது, எதை எடுக்கிறது என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முள்மரம். ஆடு மாடுகள் அதன் காயைத் தின்னும். சாணத்தோடு விதை விழுந்த இடத்தில் எல்லாம் அது முளைக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதனால் வேரோடுதான் எடுக்கணும். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இந்த மரங்களை அகற்றச் சொன்னது. ஆனா அப்பத்தா ஒத்துக்கலை. "மழை இல்லாத வருஷம் இந்த விறகும் கரியும்தான்டா நம்ம ஊருக்குச் சோறு போட்டுச்சு" என்றார். அதுவும் உண்மைதான். அவருக்காக வேலியோரம் ஒரு வரிசையை விட்டோம். அது மறுபடி பரவும் என்று சித்தப்பாவுக்குக் கவலை. எனக்கும்தான்.

வேம்பு சுலபம். பெரிய மரத்தடியில் கன்றுகள் கும்பலா நின்றன. ஐப்பசி மழை வந்ததும் சித்தப்பா சின்னக் கன்றுகளில் ஆறை மண்ணோடு எடுத்து வரப்பில் நட்டார். மிச்சத்தை ஆடு தின்றது.

வடலிதான் சிக்கல். ஜேசிபி உள்ளே வரும் வழியில் நாலு வடலி நின்றது. வெட்டிடலாம் என்றார் சித்தப்பா. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும் என்று 2021இல் தமிழக அரசு அறிவிச்சிருக்கு. பெயர்த்து நடவும் வழியில்லை. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராது, நேரா மண்ணுக்குள்ளே இறங்கும். நீங்க சாப்பிடுற பனங்கிழங்கு அங்கேதான் உண்டாகுது. அவ்வளவு ஆழத்தில் தொடங்குற மரத்தைத் தோண்டினால் பிழைப்பது கஷ்டம்.

கடைசியில் அடுத்த வயல்காரரிடம் கேட்டோம். அவர் வயல் அப்போ காய்ஞ்சு கிடந்தது. அந்த வழியா ஜேசிபி வந்தது.

நாலு வடலியும் அப்படியே நிக்குது. பெண் பனைதான் நுங்கு தரும். எது ஆண், எது பெண் என்று பூ விடும்போதுதான் தெரியும். அதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். ரெண்டு பெண் பனை என்று என் மகள் பந்தயம் கட்டியிருக்கா. ஒண்ணுதான் என்கிறார் சித்தப்பா.