நான் மாற்றிய வில்

சாதாரண மைன்கிராஃப்ட் விளையாட்டில் வில் செய்ய மூன்று குச்சியும் மூன்று நூலும் போதும். யார் செய்தாலும் ஒரே வில்தான். 'டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட்' என்ற மோடை, அதாவது விளையாட்டையே மாற்றும் கூடுதல் நிரலைப் போட்டுவிட்டால் கதையே வேறு. வில்லின் இரண்டு கைகளை எதில் செய்வது, நாண் எது, அம்பின் முனை எது, தண்டு எது, வாலில் செருகும் இறகு எது என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு, அதற்கென்று எண்களும் உண்டு. எலும்பைத் தண்டாக வைத்தால் எய்த அம்பு சில நேரம் இரண்டாகப் பிரிந்து பறக்கும். மரம், தேய்ந்தாலும் தானாகவே மெல்ல மெல்லத் தேறிக்கொள்ளும். இரும்புக் கை போட்ட வில் தூரமாக எய்யும், பலமாக அடிக்கும். ஆனால் இழுத்து முடிக்க நேரம் பிடிக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம், நான் வில்லை மாற்றிய அன்றும் பொருள்களின் பட்டியலில் இருந்தது. நான்தான் அதைத் தாண்டிப் படித்துவிட்டேன்.

மெல்பர்னின் மேற்கே ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில் ஸ்டாக் பார்ப்பது என் வேலை. டோஹெர்ட்டிஸ் ரோட்டின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை கான்கிரீட் கிடங்குகள். அவற்றில் ஒன்றில் நாள் முழுக்க எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, எந்தப் பட்டியலைக் கண்டாலும் பெரிய எண் எங்கே என்றுதான் முதலில் கண் போகும். ஜனவரி மாதம் பள்ளி விடுமுறை. வடக்கிலிருந்து அனல் காற்று வீசும் நாட்களில் என் பையனை வெளியே விட முடியாது. அதனால் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து, அவன் தொடங்கிய உலகத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். பத்து வயதுப் பிள்ளை, "அம்மா, நீ என் பின்னாடியே வா" என்று சொல்லி என்னைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

அவனிடம் ஒரு மரவில் இருந்தது. அம்புக்குக் கோழி இறகு. கூடவே ஒரு நாய். எலும்பு போட்டு ஓநாயைப் பழக்கினால் அது நம் நாயாகிவிடும். அவன் அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தான். ஊரில் என் அம்மா வீட்டு வாசலில் கிடக்கும் நாயின் பெயர் அது.

என் ஊர் நாமக்கல். கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு ஆடி மாதத்தில் அரசு விழா எடுப்பார்கள். ஓரி எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி எல்லாம் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இந்தக் கதையை மகனுக்குப் பல இரவுகள் சொல்லியிருக்கிறேன். அவன் விளையாட்டில் வில்லைக் கண்டதும் எனக்கு ஓரி ஞாபகம்தான். ஒரே அடியில் விழ வேண்டும். அவன் கையில் இருந்த மரவில்லோ பட்டியலின் அடியில் கிடந்தது.

அவன் தூங்கிய பிறகு வேலையை ஆரம்பித்தேன். மணல், சரளை, களிமண் மூன்றையும் கலந்து சுட்டுக் கல்லாக்கி, உலை கட்டி, அடியில் எரிபொருளாக லாவா ஊற்றி, இரும்பை உருக்கி அச்சில் வார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை. அவனுடைய பெட்டியைத் திறந்து மரவில்லை எடுத்தேன். டூல் ஸ்டேஷனில் வைத்து இரண்டு கைகளையும் இரும்புக்கு மாற்றினேன். இந்த மோடில் ஒரு பாகத்தை மாற்றினால் பழைய பாகம் திரும்பக் கிடைக்காது. அம்புகளையும் விடவில்லை. இறகுக்குப் பதில் இலையைச் செருகினால் அம்பின் எண்ணிக்கை கூடும், குறி பாதியாகக் குறையும். குறியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எண்ணிக்கை கூடுகிறதே என்று பார்த்தேன்.

காலையில் வில்லை எடுத்தவன், "இது என்னம்மா, கனமா இருக்கு?" என்றான். திரையில் இருக்கும் வில்லுக்கு ஏது கனம் என்று நினைத்து, "இதுதான்டா பெஸ்ட், எய்து பாரு" என்றேன். தூரத்து மரத்தில் எய்தான். அம்பு பலமாகப் போய்ப் பக்கத்து மரத்தில் தைத்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகச் சிரித்தான்.

அன்றைக்கே அந்தி சாயும்போது காட்டோரம் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் அவன், அவன் காலடியில் மணி, பின்னால் நான். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிரீப்பர் வந்தது. சத்தமில்லாமல் நடந்து வரும் பச்சை உருவம். நம்மை நெருங்கிவிட்டால் சீறும். சீறத் தொடங்கி ஒன்றரை வினாடியில் வெடிக்கும். அவன் உடனே திரும்பி நாணை இழுத்தான். மரவில்லில் அவன் விரலுக்குப் பழகிப்போன ஒரு கணக்கு இருந்தது. இழு, விடு, இரண்டடி பின்வாங்கு, மறுபடி இழு. அந்தக் கணக்கில்தான் இப்போதும் விட்டான். வில் பாதிகூட வளைந்திருக்கவில்லை. அம்பு தொய்ந்து புல்லில் விழுந்தது. மறுபடி இழுத்தான். நாண் ஏறும்போது ஆள் மெதுவாகத்தான் நகர முடியும். அவன் பின்வாங்கப் பார்ப்பதும் முடியாமல் நிற்பதும் எனக்குத் தெரிந்தது. திரையை விட்டு அவன் கையைப் பார்த்தேன். மவுஸை அழுத்திக்கொண்டிருந்த விரல் நகம் வெளுத்துப் போயிருந்தது. உதடு அசைந்தது. "ஏறு, ஏறு" என்று வில்லிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அது முழுதாக ஏறி, இலை செருகிய அம்பு கிரீப்பரின் தோளை ஒட்டிப் போயிற்று. சீறல் கேட்டது.

அவனுக்கு உயிர் கொஞ்சம் மிச்சமிருந்தது. மணிக்கு இல்லை. நாம் செத்தால் படுக்கையில் எழுந்துகொள்ளலாம். நாய் போனால் போனதுதான்.

"பரவாயில்லைம்மா" என்றான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். மறுநாள் அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளையாட்டுச் சத்தம் கேட்டது. நான் எடுத்து வைத்த என் லேப்டாப் வைத்தபடியே இருந்தது. அந்த விடுமுறை முடியும்வரை அவன் என்னைக் கூப்பிடவில்லை.

பள்ளி திறந்த பிறகு, மெல்பர்னின் மேற்குப் பக்கம் ஒரு வில்வித்தை கிளப்பில் புதியவர்களுக்கான வகுப்பு இருக்கிறதென்று அவனை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே சுவரில் கார்பன் வில் ஒன்று பளபளவென்று தொங்கியது. என் கண் முதலில் அதில்தான் நின்றது. பயிற்சி தருபவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதலில் பையனின் எந்தக் கண் பார்வையை ஆள்கிறது என்று சோதித்தார். இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி அளந்தார், அதை வைத்து அவன் நாணை எவ்வளவு தூரம் இழுப்பான் என்று கணக்குப் போட்டார். பிறகு மிக இலேசான ஒரு மரவில்லைக் கொடுத்தார். அம்பையும் அந்த வில்லுக்குத் தகுந்தாற்போலத்தான் எடுத்தார். தண்டு எவ்வளவு வளையும் என்பது வில்லின் இழுவைக்குப் பொருந்த வேண்டுமாம். இலேசான வில்லில் விறைப்பான அம்பை வைத்தால், வலது கையால் இழுப்பவருக்கு அது இடப்பக்கம் ஒதுங்கிப் போகும். இதைச் சொல்லிவிட்டு, இரண்டு அம்புகளை எடுத்துக் கையில் வளைத்தும் காட்டினார். ஒன்று வளைந்து கொடுத்தது, மற்றது அசையவில்லை. அசையாததுதான் விலை கூடியது.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். இருவருமே மணியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில், காரில் வைத்து, "நான் கேட்காம உன் வில்லை மாத்தினது தப்புடா" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த வில்லை நான் மொதல் நாள் செஞ்சேன்மா" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "புதுசா ஒண்ணு செய்யணும், வர்றியா?" என்று கேட்டான்.

இந்த முறை பொருளெல்லாம் அவன் தேர்வு. கைகளுக்கு மரம். தண்டுக்கு எலும்பு, அம்பு இரண்டாகப் பிரிவது அவனுக்குப் பிடித்திருக்கிறது. முனைக்கு என்ன போடலாம் என்று மட்டும் என்னைக் கேட்டான். நான், "நீ எவ்வளவு பக்கத்துல நின்னு எய்வ?" என்று கேட்டேன். வாலுக்குக் கோழி இறகுதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறான். அதனால் கோழிப் பண்ணைக்கு நான் பொறுப்பு. நாமக்கல்காரிக்கு அது வராத வேலை இல்லை. விதை போட்டுக் குஞ்சு பெருக்கி, ஒரு பெட்டி இறகு சேர்த்துவிட்டேன். பத்தாது, இன்னொரு பெட்டி வேண்டும் என்கிறான்.