மூன்று முறை பிடித்துத் தைத்த சுடிதார்

வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பவள் நான். வல்லக்கோட்டையில் எங்கள் தெருப் பெண்கள் யாருக்கு எத்தனை இன்ச் இடுப்பு, யாருடைய ஜாக்கெட்டைப் பிரித்துவிட வேண்டும், யாருடையதைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட நான், 2020-ல் என் மகளின் ஒரே சுடிதாரை ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பிடித்துத் தைத்தேன். மூன்று முறையும் சந்தோஷமாகத்தான் தைத்தேன்.

மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதம்மா. மத்ததெல்லாம் எழுது. யாராவது ஒரு அம்மா படிக்கட்டும்" என்றாள்.

அவள் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். 2020 மார்ச்சில் கல்லூரியை மூடியதும் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். "பத்து நாள் லீவும்மா" என்று குதித்தாள். மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பத்து நாள், பத்து மாதத்துக்கு மேல் ஆனது.

எங்கள் ஊரின் சத்தமே ஷிஃப்ட் பஸ்கள்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு விடியற்காலையிலும் மதியத்திலும் நடுராத்திரியிலும் பஸ்கள் போய் வந்தபடியே இருக்கும். அந்தச் சத்தம் ஒரே நாளில் நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேலை இல்லை, சம்பளமும் முழுதாக வரவில்லை. ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் கடன் தவணையைப் பற்றிக் கிசுகிசுப்போம். பக்கத்து அறையில் மகள் விழித்திருந்து கேட்டிருக்கிறாள். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் இரண்டு மாதம் எல்லார் வீட்டையும் போலத்தான். பஜ்ஜி, போண்டா, குக்கரில் கேக், கையால் அடித்துச் செய்யும் டல்கோனா காபி. மகளுக்குக் கன்னம் உப்பியது. ஒருநாள் அவளுக்குப் புது சுடிதார் தைக்க அளவெடுத்தபோது, "என்னடி, ஒரு சுத்து பெருத்துட்டே! காலேஜ் திறந்தா பிள்ளைங்க அடையாளம் தெரியாம முழிக்கப்போறாங்க" என்றேன். வீடியோ காலில் வந்த என் நாத்தனாரும், "இப்பவே இப்படின்னா கல்யாணத்துக்கு எப்படி?" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பாராட்டிக்கொண்டே இருந்தோம்

ஜூன் மாதம் அரிசியை நிறுத்தினாள். பிறகு சர்க்கரை, எண்ணெய். மொட்டை மாடியில் காலையும் மாலையும் நடந்தாள். "பாரு, எவ்வளவு கட்டுப்பாடு! நீயும்தான் இருக்கியே" என்று அவள் தம்பியைத் திட்டினேன். ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தது. வாத்தியார் முகத்தோடு தன் முகமும் நாள் முழுக்கத் திரையில் தெரியும். கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். வயசுப் பெண், கண்ணாடி பார்க்கிற வயசு என்று விட்டுவிட்டேன். சுடிதாரை முதல் தடவை பிடித்துத் தைத்தது அப்போதுதான்.

ஐப்பசி வந்தது. எங்கள் ஊர் முருகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏழடி உயரத்தில் நிற்கிற சுவாமி. எங்கள் வீட்டில் சஷ்டி விரதம் தலைமுறையாக உண்டு. அந்த நவம்பரில் மகள், "ஆறு நாளும் நான் விரதம் இருக்கேம்மா. பாலும் பழமும் போதும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். சூரசம்ஹாரம் முடிந்தது. அவள் விரதம் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை, ஏகாதசி என்று வாரத்தில் பாதி நாள் ஏதோ ஒரு விரதம். பக்தி என்று நினைத்து இரண்டாம் தடவை பிடித்துத் தைத்தேன்.

விரதம் இருக்கிறவர்களுக்கு முடிக்கிற நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு இலை போட்டு மனசாரச் சாப்பிடுவோம். என் மகளுக்கு அந்த நாள் வரவே இல்லை. இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. சாப்பிடாத பெண், ராத்திரி ஒரு மணி வரைக்கும் சமையல் வீடியோவே பார்ப்பாள். எங்களுக்கு விதவிதமாகச் செய்து போடுவாள். நாங்கள் கடைசி வாய் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். தான் ஒரு வாய் வைக்க மாட்டாள். சில நாள் ராத்திரி அடுக்களையில் பாத்திரம் உருளும். காலையில் பார்த்தால் மீந்த சாதம், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் காலி. அதற்குப் பிறகு பாத்ரூமில் குழாய் வெகுநேரம் திறந்திருக்கும். தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது. கேட்டால், "வயிறு சரியில்லம்மா" என்பாள். நான் ஓமவாட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

தைப்பூசத்தன்று

2021 ஜனவரி 28, தைப்பூசம். மூன்றாம் தடவை பிடித்துத் தைத்த அந்தச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போனோம். பாதி வழியில் "அம்மா, கண்ணு இருட்டுது" என்றாள். பிடிப்பதற்குள் சரிந்துவிட்டாள். தூக்கிய என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "என்னடி, எடையே இல்லை!" என்றார். அவளுடைய கை, வெயிலிலும் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, "இந்த வயசுப் பெண்கள் டயட்னு இப்படித்தான் பண்ணும். நல்லா திட்டுங்க" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். திட்டினேன். கெஞ்சினேன். வாயில் ஊட்டினேன். தட்டை வீசி எறிந்தாள். எதிர்வீட்டு அக்கா மந்திரித்துவிடச் சொன்னார். நாத்தனாரோ, "எல்லாம் கொழுப்பு. ஒரு வேளை பட்டினி போட்டா தானா சாப்பிடுவா" என்றார். பட்டினியே வியாதியாக இருப்பவளைப் பட்டினி போட்டு என்ன செய்வது?

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மகளிடம் தனியாகப் பேசினார். ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. "அடிக்கடி வாந்தி எடுத்தா இப்படி ஆகும். பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பே தடம் மாறும். இது திமிர் இல்லம்மா, நோய்" என்று சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே மகளிடம் ஐந்து கேள்விகள் கேட்டார்களாம். வயிறு நிறைந்துவிட்டது என்று நீயே வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போனதாகக் கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறாயா? மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறாயா? சாப்பாட்டு நினைப்புதான் உன் வாழ்க்கையை ஆட்டிவைக்கிறதா? பிரிட்டனில் 1999-ல் உருவாக்கிய கேள்விகள் இவை. இரண்டுக்கு "ஆமாம்" என்றாலே கவனிக்க வேண்டுமாம். என் மகள் ஐந்துக்கும் ஆமாம் என்றிருக்கிறாள்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பணக்கார வியாதி இல்லையா டாக்டர்? நாங்க ஷிஃப்ட் சம்பளத்துல வாழறவங்க" என்றேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. சென்னை மனநல மருத்துவர்கள் 1995-லேயே, 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் 31 பேருக்குச் சாப்பாட்டையும் எடையையும் பற்றிய மன உளைச்சல் இருந்திருக்கிறது. முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று ஒரு பெயரே வைத்தார்களாம். நம் ஊரில் இது நேற்று முளைத்ததில்லை. கொரோனா காலத்தில் கூடிவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், கொரோனா தொடங்கிய ஒரு வருடத்தில் இந்த நோயோடு சேர்க்கப்பட்ட இளம்பிள்ளைகளின் எண்ணிக்கை, முந்தைய வருடங்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதும் இல்லையாம்.

சமையல் வீடியோ விஷயத்தைக் கேட்டேன். அதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறியத்தான். சில மாதங்களில் அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்களாம். எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு. சிடுசிடுப்பு, சோர்வு, யாரோடும் ஒட்டாமை. "பசி வயிற்றோடு நிற்காது, மூளையையும் பிடிக்கும். உங்க பொண்ணு குணம் மாறல. பட்டினி அவளை மாத்தி வச்சிருக்கு. முதல்ல சாப்பாடு உள்ள போகணும், அப்புறம்தான் புத்திமதி" என்றார்.

மூன்று வேளை, மூன்று சிற்றுண்டி

மருந்து என்று பார்த்தால் கொஞ்சம்தான். பெரிய மருந்து சாப்பாடே. ஆனால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாம். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாகக் கூட்டினார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலத்துக்கு அவள் முடிவு செய்யக் கூடாது, நாங்கள்தான். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பேச்சு கூடாது. எடை பார்க்கும் மெஷினை அவள் அப்பா எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் மகள் தன் தலையணைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் பழைய இன்ச் டேப். காணோம் என்று தேடிச் சலித்துப் புதிது வாங்கியிருந்தேன். தினம் ராத்திரி இடுப்பை அளந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பாளாம்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று அன்று திட்டாமல் கேட்டேன். "அப்பாவுக்கு வேலை என்னாகும்னு தெரியல. பரீட்சை எப்போன்னு தெரியல. யார் வீட்ல யார் போவாங்கன்னு தெரியல. எதுவுமே என் கையில இல்லம்மா. இது ஒண்ணுதான் நான் சொன்னபடி கேட்டுச்சு. எல்லாரும் நல்லாருக்குன்னு வேற சொன்னீங்க" என்றாள்.

அந்தக் கடைசி வரி இன்னமும் என்னைக் குத்துகிறது.

மே மாதம் இரண்டாம் அலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. டாக்டர் போனிலேயே பேசினார். சில நாள் ஒரு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சில நாள் மறுபடி குழாய்ச் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். "இறங்குறதும் ஏறுறதுமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். ஆன்லைன் வகுப்பில் தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி இருப்பதை அவள் தம்பி கண்டுபிடித்துக் கொடுத்தான். அது பெரிய உதவி.

அந்த டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து செல்போன் தொழிற்சாலைப் பெண்கள், ஹாஸ்டல் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப்போய், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது எல்லா டிவியிலும் வந்தது. என் மகள் வயசுப் பிள்ளைகள். பார்த்துக்கொண்டிருந்த மகள், "அவங்க நல்ல சாப்பாடு கேட்டு ரோட்ல உட்கார்ந்திருக்காங்க. நான் கிடைச்சதை வேண்டாம்னு... எனக்கு அசிங்கமா இருக்கும்மா" என்றாள். நான் சொன்னேன்: "அவங்களுக்கும் உடம்புதான் கெட்டுது, உனக்கும் உடம்புதான் கெட்டுது. இதுல அசிங்கம் எங்க வந்துச்சு? தட்டை எடு." எடுத்தாள்.

இன்று அவள் வேலைக்குப் போகிறாள். பண்டிகை, விசேஷம் வந்தால் இப்போதும் கொஞ்சம் பதற்றம் உண்டு. சஷ்டி வந்தால் கோயிலுக்குப் போவாள், விரதம் இருக்க மாட்டாள். டாக்டர் சொல்லியிருக்கிறார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மாக்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். பிள்ளை இளைத்தால் உடனே பாராட்டாதீர்கள், பெருத்தால் கேலி செய்யாதீர்கள். சாப்பிட்டவுடன் பாத்ரூம் போவது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, முடி கொட்டுவது, மாதவிலக்கு நிற்பது, எப்போதும் குளிர்கிறது என்பது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் டயட் என்றோ பக்தி என்றோ விடாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிற்காமல், "சாப்பிட பயமா இருக்கா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். நான் அதைக் கேட்கப் பத்து மாதம் ஆனது.

அந்தச் சுடிதாரை நான் தூக்கிப் போடவில்லை. உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். போன வருடம் மூன்று தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பழைய தையல் ஓட்டை தேய்த்தும் போகவில்லை, கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். மகள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் ஒல்லி, குண்டு எதுவும் சொல்லவில்லை. "வா, சாப்பாடு ஆறுது" என்றேன்.