கூரை இல்லாத கார்

என் தங்கை மண்டபத்திலிருந்து டெலிபோனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, வீட்டுக் கூரையிலேருந்து சிமெண்டு உதிருது. இவன் என்னடான்னா கூரையே இல்லாத கார் ஒண்ணை வாங்கப் போறேன்னு நிக்கிறான். நீங்க ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

கார் விஷயத்தில் எனக்கு உள்ள யோக்கியதை என்ன என்று நீங்கள் கேட்கலாம். ரொம்ப நாளைக்கு முன்பு நான் எழுதிய ஒரு தொடர்கதையில் கதாநாயகன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவான். பதினெட்டாவது அத்தியாயத்தில் அதை மரத்தில் மோதுவான். அவ்வளவுதான். ஆனால் என் தங்கையின் கணக்கில், காரைப் பற்றி எழுதியவனுக்குக் கார் தெரிந்திருக்க வேண்டும். மறுக்க மனம் வரவில்லை. ராமேசுவரம் ரயிலில் ஏறிவிட்டேன்.

மண்டபத்தில் இறங்கியதும் உதட்டை நாக்கால் தடவிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு நிலம். ஐப்பசிக்கு மேல் வாடை வடகடலைக் கலக்கினால் படகுக்காரர்கள் படகைத் தெற்கே கொண்டு போய்விடுவார்கள். ஆனி, ஆடியில் தென்கடல் பொங்கினால் திரும்ப வடக்கே வருவார்கள். படகுக்குப் போக இடம் இருக்கிறது. வீட்டுக்கும் காருக்கும் இல்லை. எந்தக் காற்று அடித்தாலும் நின்ற இடத்திலேயே உப்பை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் கவிதை இல்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க, மண்டபத்துக் காற்றில்தான் தகடுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். இரும்புக்கு இதைவிடக் கொடுமையான காற்று பக்கத்தில் கிடைக்காது என்பதுதானே அதன் அர்த்தம்?

தங்கை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். கூடத்துக் கூரையில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சிமெண்டு பெயர்ந்து, உள்ளே கம்பி தெரிந்தது. கம்பி என்பது மரியாதைக்குச் சொல்வது. பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. இரும்பு துருப்பிடித்தால் மெலிகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பெருத்துக்கொள்கிறது. பெருத்த கம்பி உள்ளிருந்தே சிமெண்டைத் தள்ளிவிடுகிறது. கூரை விழுவது மேலே உள்ள பாரத்தால் அல்ல, உள்ளே உள்ள வீக்கத்தால்.

அதன் கீழே என் மருமகப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். வயது இருபத்தாறு. ராமநாதபுரத்தில் வேலை. நாலு வருஷமாகச் சேர்த்த பணம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். கூரைக்கு என்று ஆரம்பித்த சேமிப்பு நடுவழியில் காருக்குத் திரும்பியிருந்தது.

"மாமா, வெளியில கேட்டா இது ரொம்ப அதிகம் போகும். அவர் ஒண்ணே நாற்பதுக்குத் தர்றேங்கிறார். டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் சேர்த்து இன்னொரு அறுபது. எழுதிப் பார்த்துட்டேன்."

அவன் சொன்ன கார் 'சான் ஸ்டார்ம்'. பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த இரண்டு ஸீட் கார். நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொண்டு பிறந்தவை சொற்பம். அவற்றில் இது ஒன்று. எஞ்சின் பிரான்சு தேசத்து ரெனோ, 1.2 லிட்டர். காற்றாய்ப் பறக்கும் வண்டி என்று சொல்வதற்கில்லை. ஆனால் தாழ்வாக, அடக்கமாக, பார்க்கிறவன் மனசைப் பறிக்கிற மாதிரி இருக்கும். முக்கியமான விஷயம், உடம்பு முழுக்க ஃபைபர். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது.

"ஃபைபர், மாமா! துருவே பிடிக்காது. மண்டபத்துக்குன்னே செஞ்ச வண்டி!" என்றான்.

அவன் வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

விற்கிறவர் எழுபது வயதுப் பெரியவர். ஒரு காலத்தில் கருவாட்டு வியாபாரம். கார் அவருடையது அல்ல, மகனுடையது. மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கி, பிறகு சவூதிக்குப் போகும்போது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஓட்டுவான். இப்போது குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். "வித்துருங்கத்தா" என்று சொல்லிவிட்டானாம். பெரியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாரம் ஒரு முறை அடுத்த வீட்டுப் பையன் ஓட்டி வைப்பான்.

தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் சிவப்பாக நின்றது கார். பெரியவர் படுதாவை விலக்கிய விதத்தைப் பார்த்தால், கல்யாணப் பெண்ணின் முகத்திரையை விலக்குவது போல இருந்தது. ஒரு கீறல் இல்லை. முகம் பார்க்கலாம்.

நான் சென்னையிலிருந்து ஒரு காந்தத் துண்டு கொண்டுபோயிருந்தேன். பழைய கார் வாங்குகிறவன் காந்தம் கொண்டுபோக வேண்டும், பட்டி வைத்து மறைத்த இடத்தில் அது ஒட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெரிய நிபுணன் மாதிரி கதவில் வைத்தேன், விழுந்தது. பானெட்டில் வைத்தேன், விழுந்தது. "ஃபைபர் மாமா" என்று பையன் மெல்லச் சொன்னான். காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு தவறு செய்தேன். பழைய கார் வாங்கப் போகும் யாரும் இதைச் செய்யாதீர்கள். அடியைப் பார்ப்பதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பையன் ஓட்டினான். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் ஏறினோம். 1988-இல் அந்தப் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போகிற கார் மண்டபத்தில் ரயிலில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. இப்போது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின் மீதே ஓடலாம். மேலே கூரை இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு நிறக் கடல். காற்று என் வழுக்கைத் தலையைக் கூட மரியாதையாகத் தடவிக்கொண்டு போயிற்று. பையனைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா இறந்ததிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. அந்த நிமிஷத்தில் என்னைக் கேட்டிருந்தால் மூன்று லட்சம் கொடு என்று சொல்லியிருப்பேன்.

எல்லோரும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் இடத்தில் நாங்களும் நிறுத்தினோம். கீழே ரயில் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலம் ஓடுகிறது. நூற்றெட்டு வருஷம்! இதே உப்புக் காற்றில், கடலுக்கு நடுவில், இரும்பு நூற்றெட்டு வருஷம் ரயிலைச் சுமந்திருக்கிறது. பாலம் உயிரோடு இருந்த காரணம் அதன் விலை அல்ல. துருவைச் சுரண்டவும், வர்ணம் அடிக்கவும், அரித்த உறுப்பை மாற்றவும் ஆள் இருந்துகொண்டே இருந்ததுதான் காரணம். புதிய பாலத்துக்கு எவர்சில்வர் கம்பியே போட்டிருக்கிறார்கள். அதற்கும் வர்ணம் உண்டு.

இந்த ஞானம் எனக்குப் பாலத்தின் மேல் உதிக்கவில்லை. கீழே இறங்கி, மெக்கானிக் காருக்கு அடியில் போன பிறகுதான் உதித்தது.

மெக்கானிக் ராமநாதபுரத்துக்காரர். அதிகம் பேசாதவர். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கே. ஆறட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் உண்மை தெரியுமாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் குச்சியை உருவினால் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கக் கூடாது. எஞ்சின் எல்லாப் பரீட்சையிலும் தேறியது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் காட்டினார். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2311 என்று இருந்தது. பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் கிழடு. ஆர்.ஸி. கர்நாடகப் பதிவு; பதினைந்து வருஷம் தாண்டிப் புதுப்பித்ததும் சில மாதத்தில் முடிகிறது. என்.ஓ.சி. வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், பசுமை வரி வேறு. பையனின் அறுபதாயிரம் அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கியது.

பிறகு ஜாக்கி கொடுத்து, கட்டைகள் வைத்து, டார்ச்சோடு அடியில் போனார். சின்னச் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. ணங், ணங் என்று வந்தது. பிறகு ஓரிடத்தில் சத்தமே வரவில்லை. தேங்காய் அழுகியிருந்தால் தட்டும்போது ஒரு மொத்தைச் சத்தம் வருமே, அது வந்தது. அடுத்து ஸ்குரூ டிரைவர்.

"தம்பி, இங்க வாங்க."

பையன் குனிந்தான். நானும் குனிந்தேன். உடம்புதான் ஃபைபர். அதைத் தாங்குகிற சேஸ் இரும்பு. சக்கரத்தைப் பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிருந்தது. வெளியில் கறுப்பு வர்ணம் அப்படியே இருந்தது. உள்ளிருந்து தின்றிருக்கிறது. செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை. இந்தக் காற்றில் எந்த இரும்பும் இதைத்தான் செய்யும்.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பெரியவரைக் கேட்டார்: "அய்யா, இதை எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

"கெணத்துத் தண்ணிதான் தம்பி. ஒரு நா விட்டதில்லை. அடியிலயும் குழாய் வச்சு அடிச்சுத்தான் விடுவேன். மகன் வண்டியாச்சே!"

"கெணறு சப்பத் தண்ணியா?"

"ஆமா. இங்க எல்லாம் அதுதானே." பெரியவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்ல தண்ணி குடம் காசு கொடுத்து வாங்குறோம். பொம்பளைங்க தூக்கிட்டு வராங்க. அதைக் காருக்கு ஊத்த மனசு வருமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. உப்புக் காற்று பாதி வேலை செய்தது. மீதி வேலையை அன்பு செய்திருக்கிறது, தினமும், குழாய் வைத்து.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். வண்டியின் கோளாறு விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்துக் கேட்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தைக்கே வருவதில்லை. கடைசியில் ஓட்டைகளே மிஞ்சுகின்றன. ஏறக்குறைய இதுதான் அவர் சொன்னது. ஆனால் மண்டபத்தில் அன்று இருவருக்குமே தெரியவில்லை. பெரியவர் ஏமாற்றவில்லை. இருபது வருஷமாக அவரேதான் ஏமாந்திருக்கிறார்.

"வெட்டி ஒட்டலாமா?" என்று பையன் கேட்டான். அவன் குரல் சரியாக இல்லை.

"ஒட்டலாம். எங்க வெட்டுறதுன்னு ஆரம்பிச்சா, எங்க நிறுத்துறதுன்னுதான் தெரியாது" என்றார் மெக்கானிக்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

அதற்காகத்தானே நான் ரயில் ஏறி வந்தது! பாலத்தின் மேல் பார்த்த சிரிப்பு ஞாபகம் வந்தது. கூடத்துக் கூரையும் ஞாபகம் வந்தது. "வேண்டாம்ப்பா" என்றேன். "ஒண்ணே நாற்பது வாங்குற விலை. வச்சிருக்கிற விலை வேற. இந்த ஊர்ல இரும்பு வச்சிருக்கணும்னா தினம் அதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும். உங்க அம்மா தூக்கிட்டு வர குடத்திலேருந்து ஊத்துவியா?"

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. ரயில் ஏற்றிவிட மட்டும் வந்தான். அப்போதும் பையைத்தான் கொடுத்தான், வார்த்தை ஒன்றும் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தங்கை பேசினாள். கொத்தனார் வந்து, பெயர்ந்த இடத்தையெல்லாம் கொத்தி, துருவைத் தேய்த்து, செத்த கம்பிக்குப் புதுக் கம்பி கட்டிப் பூசிவிட்டாராம். காரைப் பற்றியும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான் பையன். விற்பனை விளம்பரத்துக்கு ஆறு படம் எடுத்துப் போட்டானாம். அதில் நாலு படம் அடிப்பக்கத்தைப் பற்றியது, ஸ்குரூ டிரைவர் உள்ளே நிற்கிற படம் உட்பட. "இப்படிப் போட்டா எவன் வாங்குவான்?" என்று எல்லோரும் சிரித்தார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கினார். அவரிடம் இதே கார் இருந்தது. சேஸ் நன்றாக இருக்கிறது, விபத்தில் உடம்புதான் உடைந்துவிட்டது. பேசிய விலையில் பாதிக்கும் குறைவுதான். பெரியவர் ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாராம்.

பிறகு பையன் டெலிபோனை வாங்கினான்.

"மாமா, நீங்க சொன்னது சரிதான். ஆனா அன்னிக்குப் பாலத்து மேல போனோமே?"

"போனோம்" என்றேன்.

"நல்லா இருந்துச்சில்ல?"

"ரொம்ப நல்லா இருந்தது."

அந்தச் சேஸைப் பார்த்த பிறகு, நாங்கள் இருவரும் முழுதாகத் திரும்பி வந்ததே பெரிசு என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காரில் விலை மதிப்புள்ளது ஏதாவது இருந்தது என்றால் அந்த இருபது நிமிஷம்தான். அதற்கு எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை.