கேன்சலில் போகிறவன்

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழனுக்கு ஒரே ஒரு வாய்ப்பாடுதான் தலைகீழாகத் தெரியும். நான் துபாயில் இறங்கிய 2008 ஜனவரியில் அது 11ஆம் வாய்ப்பாடு. ஒரு திர்ஹாமுக்கு ஏறக்குறைய 11 ரூபாய். 2013 ஆகஸ்டில் 18ஐத் தாண்டியது. நான் கிளம்பிய 2025 பிப்ரவரியில் 23க்கு மேல். திர்ஹாம் அசையவே இல்லை. ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997இலேயே அதைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இறங்கிக்கொண்டிருந்தது நம்ம ரூபாய்தான். ரூபாய் விழுந்த அன்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூட்டம் நிற்கும். நாட்டுக்கு நல்லதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

டீ, முடிவெட்டு, பஸ், சாயந்திரம் ஒரு ஷவர்மா என்று எதற்கு நீட்டும் காசும் பெருக்கிய பிறகுதான் பையிலிருந்து வெளியே வரும். பெருக்கினால் அது மகளின் ஸ்கூல் பீஸில் ஒரு துண்டாக, வீட்டுக்கு வாங்கும் சிமெண்டில் பாதி மூட்டையாகத் தெரியும். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்காகத்தான் இங்கே இருக்கிறோம் என்பதற்கு இருந்த ஒரே கணக்கு அதுதான்.

ஜனவரி கடைசியில் வேலையை முடித்துக்கொண்டேன். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். “போதும், வந்துடுங்க” என்று மனைவி சொல்லி இரண்டு வருடமாகிவிட்டது. இங்கே இதற்குப் பெயர் ‘கேன்சல்ல போறது’. லீவில் போகிறவன் வேறு, கேன்சலில் போகிறவன் வேறு. லீவில் போகிறவனிடம் “எப்ப வர்றீங்க?” என்பார்கள். கேன்சலில் போகிறவனிடம் “அங்க என்ன பண்ணப் போறீங்க?” என்பார்கள். கடைசி வேலை நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் எனக்கு 19 நாள் கிடைத்தது. 17 வருடத்தில் அலாரம் வைக்காமல் துபாயில் இருந்தது அந்த 19 நாள்தான்.

முதல் இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் தேய்ராவிலிருந்து அப்ராவில் ஏறினேன். மரப்படகு, இருபது பேர் உட்காரலாம், கட்டணம் ஒரு திர்ஹாம். இத்தனை வருடமும் பணம் அனுப்பவும் கோயிலுக்குப் போகவும்தான் அதில் ஏறியிருக்கிறேன். பர்துபாய்ப் பக்கம் எப்போது வரும் என்று கரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று அக்கரைக்குப் போய் இறங்கவில்லை. இன்னொரு திர்ஹாம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பினேன். மறுபடியும் போனேன். நாலாவது தடவை படகுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “உதர்னா நஹி ஹை க்யா?” என்றார். இறங்க வேண்டியதில்லை என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு என் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே ஓட்டினார்.

குளிர்காலத்தில் அந்தக் கழிமுகம் முழுக்க வெள்ளைக் கடற்பறவைகள். யாரோ ரொட்டியைப் பிய்த்து வீச, அவை படகின் தலைக்கு மேலேயே வருகின்றன. தேய்ராக் கரையோரம் மரக்கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. பிரிட்ஜ், டயர், துணி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிறவை. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்தது. நான் பார்த்தது அன்றைக்கு.

பர்துபாயில் பழைய நாணயங்கள் விற்கும் கடை ஒன்றுக்கும் போனேன். கண்ணாடிக்குள் ஒரு பத்து ரூபாய் நோட்டு. நம்ம அசோகத் தூண்தான், ஆனால் நிறம் சிவப்பு, எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ என்ற எழுத்து. 1959 வரை இந்தியாவில் புழங்கிய அதே ரூபாய்தான் இங்கும் புழங்கியது. தங்கக் கடத்தலில் நம்ம அந்நியச் செலாவணி கரைகிறது என்பதால் அந்த வருடம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் இங்குள்ளவர்கள் அதைக் கைவிட்டார்கள். திர்ஹாம் வந்தது 1973இல். பெருக்கவே தேவையில்லாத ஒரு காலம் இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. கடைக்காரர் விலை சொல்ல வாயெடுத்தார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரக் டீ. ரெயின்போ பால் ஊற்றி, ஏலக்காய் தட்டிப்போட்டு, கடுங்கொதியில் இறக்குவது. 17 வருடமும் குடித்ததுதான். அதில் ஏலக்காய்க்கு அடியில் லேசாகக் கருகிய சர்க்கரை வாசனை ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், இரண்டு மூன்று நாளாக நான் எதையும் பெருக்கவில்லை. இனி இங்கிருந்து மிச்சம் பிடித்து அனுப்ப எதுவும் இல்லை. அதனால் ஒரு திர்ஹாம் வெறும் ஒரு திர்ஹாமாக இருந்தது.

மெட்ரோவில் இரட்டைக் கட்டணம் கொடுத்து கோல்டு கிளாஸில், முன் கண்ணாடி அருகே உட்கார்ந்தேன். ஓட்டுநர் இல்லாத ரயில். தண்டவாளம் நேரே நம்மை நோக்கி வருகிறது. நான் வந்தபோது அது வெறும் தூண்களாக நின்றது. ஓட ஆரம்பித்தது 2009 செப்டம்பர் 9 அன்று. புர்ஜ் கலீஃபாவும் அப்போது பாதிக் கட்டடம். “பதினேழு வருஷம் இருந்துட்டு மேல ஏறிப் பாக்காமலா போவீங்க?” என்று ரூமில் திருநெல்வேலித் தம்பி கேட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் நைஃப் தெரு தெரியாது. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்தத் தெருவைத்தான்.

அதனால் மிச்ச நாட்களை அறையிலேயே கழித்தேன். ஆறு கட்டில். அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர், வயது 58. அவர் ஊர் வழக்கப்படி ரூமில் எல்லாருக்கும் அவர் ‘காக்கா’. வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டில் ஷேரி மீன் வாங்கி வந்து அவர் ஆணம் வைத்தால் மாடி முழுக்க மணக்கும். 2022இல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. ஆனாலும் வியாழன் ராத்திரி ஆனால் எங்கள் உடம்பு தானாக இளகும். அந்த வியாழன் ராத்திரியில்தான் அவரிடம் கணக்கைச் சொன்னேன்.

கணக்கு இதுதான். இந்த நாட்டுச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குமேல் வருடம் 30 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. 17 வருடத்துக்கு 465 நாள். தாளில் அதைப் போட்டுவிட்டு, அதே தாளில் இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். கல்யாணம் 2010இல். கொரோனா வருடம் போக 14 லீவு, ஒவ்வொன்றும் 30 நாள், 35 நாள். கூட்டினால் 460 சொச்சம். கல்யாணமான பிறகு நான் வீட்டில் இருந்தது மொத்தமே அவ்வளவுதான்.

அந்த 460 நாளையும் நான் வீணாக்கவில்லை. கடைசி நாட்களை எப்படி ருசிப்பது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். லீவில் போகிறவனுக்கு ஊரில் எல்லா நாளும் கடைசி நாள்தான். விமானத்தை விட்டு இறங்கும்போதே 30 என்று எண்ண ஆரம்பித்துவிடுவோம். பத்து நாள் இருக்கும்போது வீட்டில் பருப்புப்பொடி வறுக்கும் வாசனை வரும். அன்றிலிருந்து அம்மா என் இலையில் மீனின் நடுத்துண்டை மட்டும்தான் வைப்பாள். மனைவி எதற்கும் சண்டை போட மாட்டாள். மகள் பள்ளிக்கு மட்டம் போடுவாள், யாரும் திட்ட மாட்டார்கள். திருவிழாவைப் போன்ற நாட்கள். ஆனால் திருவிழாவில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

சாதாரண நாட்களை எல்லாம் நான் இங்கேதான் வாழ்ந்திருக்கிறேன். தண்ணி வரவில்லை, யார் முறை சமையல், ஏசி ஓட்டை ஒழுகுகிறது, நீ ஏன் என் சோப்பை எடுத்தாய். ஐந்து ஆண்களோடு அந்தக் குடித்தனத்தை நடத்தினேன். இப்போது முதல் தடவையாக இங்கே கடைசி நாள் வந்திருக்கிறது. அங்கே கடைசி நாள் இல்லாமல் போகப்போகிறது. முடிந்துபோகாத ஒரு நாளை அந்த வீட்டில் எப்படிக் கழிப்பது? அதற்கு எனக்கு ஒரு நாள்கூடப் பழக்கமில்லை.

காக்கா 2011இல் ஒருமுறை கேன்சலில் போய் எட்டே மாதத்தில் திரும்பி வந்தவர். மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே சொன்னார்: “மொத மாசம் நீ ராசா, தம்பி. ரெண்டாவது மாசம் ‘எப்பப் போறீங்க’ன்னு கேப்பாங்க. மூணாவது மாசம் கேக்க மாட்டாங்க, சும்மா பாப்பாங்க. சபுராளி வீட்டுல எவ்வளவு நாளு உக்காருவான்னு ஊருக்கு ஒரு கணக்கு இருக்கு.”

“நீங்க என்ன பண்ணுனீங்க?”

“நானா? அந்தப் பார்வையத் தாங்க முடியாம விசா தேடுனேன். இன்னும் ஒரு ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிட்டு இருந்திருந்தா அவங்களுக்கும் பழகியிருக்கும், எனக்கும் பழகியிருக்கும். இருந்து பாரு.”

பெட்டி கட்டினேன். 30 கிலோ. அதில் பாதி மற்றவர்கள் வீட்டுக்கு. “ஒரு அரைக் கிலோதாண்ணே” என்று கொடுத்த கோடாலித் தைலம், பாதாம், பேரீச்சை, ஒரு குழந்தைக்கு ஷூ. என் கட்டிலுக்கு வரப்போகிற பையன் முந்தின நாளே வந்து பார்த்துவிட்டுப் போனான். ஊருக்குப் புதுசு, பேராவூரணிப் பக்கம். “வாடகை எவ்வளவுண்ணே?” என்று கேட்டான். சொன்னேன். அவன் கண் மேலே போய் ஒரு நொடி நின்று திரும்பியது. பெருக்குகிறான். நான் எதுவும் சொல்லவில்லை. ஏசிக் காற்று நேரே படாத பக்கம் தலையணையைப் போட்டுக் காட்டினேன்.

அன்று ராத்திரி மகள் போன் செய்தாள். நான் ஒவ்வொரு லீவிலும் போய் இறங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “எப்பப்பா போவீங்க?” பாசம் இல்லாமல் கேட்பதில்லை, அவளும் எண்ண வேண்டுமே. இந்தத் தடவையும் அதைத்தான் கேட்பாள் என்று பதிலை வாயில் வைத்திருந்தேன்.

“அப்பா, ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு எப்பவும் அம்மாதான் வர்றாங்க. இனிமே நீங்க வருவீங்களா?”

“வர்றேம்மா. எந்த நாளு?”

“செவ்வாய்க்கிழமை.”

“எந்தச் செவ்வாய்க்கிழமை?”

“ஜூன்ல இருந்துப்பா. மாசாமாசம், ரெண்டாவது செவ்வாய்க்கிழமை.”